மேற்படியும் நகலும்

வங்கிக் கணக்குக்கோ பள்ளிச் சேர்க்கைக்கோ படிவம் நிரப்ப உட்கார்ந்தால் அதில் இரண்டு முகவரிக் கட்டங்கள் இருக்கும். நிரந்தர முகவரியைக் கதவு எண்ணிலிருந்து அஞ்சல் குறியீடு வரை எழுதி முடித்தவர், அடுத்த கட்டத்துக்கு வந்ததும் கை சலித்து ‘மேற்படி’ என்று ஒரு சொல்லில் முடித்துக்கொள்வார். இதற்கென்றே தமிழில் ஒரு தனிக்குறி உண்டு: ௸. பழைய கிரயப் பத்திரங்களில் ‘ஷை சொத்து’, ‘ஷையார்’ என்றெல்லாம் வருவதும் இந்த மேற்படியின் உறவுதான். ஒருங்குறியில் அந்தக் குறிக்கு 2003இல் இடம் கிடைத்தது.

மேற்படி என்பது முகவரி அல்ல. முகவரி எங்கே எழுதியிருக்கிறது என்று காட்டும் விரல். மேலே உள்ளதை யாராவது அடித்துத் திருத்தினால், கீழே ஓர் எழுத்தும் மாறாமலே கீழ்முகவரியும் மாறிவிடும். காகிதத்தில் இது பெரிய தொந்தரவு இல்லை. படிவத்தை வாங்கும் எழுத்தருக்குக் கண் இருக்கிறது. சந்தேகம் வந்தால் எதிரில் நிற்பவரைக் கேட்டுக்கொள்வார். கணினியில் இதே வேலையைச் செய்ய உட்காரும் நிரலாளருக்கு அந்த எழுத்தர் கிடைப்பதில்லை. ‘இங்கே இருப்பதை அங்கே நகலெடு’ என்ற கட்டளையை அவர் நிறைவேற்ற வேண்டும். எடுப்பது நகலா, மேற்படியா என்பதை முதல் வரியிலேயே முடிவுசெய்துவிடுகிறார். பெரும்பாலும் தெரியாமல்.

கட்டளை வரும் இடம் ஜேசன் பேட்ச். இணையச் சேவைகள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் ஜேசன் வடிவத்தில், ஓர் ஆவணம் முழுவதையும் திரும்ப அனுப்பாமல், மாற வேண்டியதை மட்டும் சொல்லும் ஒட்டு அது. பால் பிரையனும் மார்க் நாட்டிங்ஹாமும் தொகுத்த வரையறை 2013 ஏப்ரலில் ஆர்.எஃப்.சி. 6902 என்ற எண்ணோடு வெளியானது. ஆவணத்துக்குள் ஓர் இடத்தைச் சுட்டும் பாதையை எப்படி எழுதுவது என்பதை அதன் இரட்டைப்பிள்ளையான 6901 சொல்கிறது. ஒட்டு என்ற சொல் கணினிக்குப் புதிதல்ல. துளையிட்ட காகித நாடாவில் நிரல் எழுதிய நாட்களில், தவறான துளைகளின் மேல் உண்மையிலேயே காகிதத் துண்டை ஒட்டினார்கள். 1985இல் லாரி வால் எழுதிய ‘பேட்ச்’ நிரல் வரிவரியாக ஒட்டியது. ஜேசன் பேட்ச் வரிகளைப் பார்ப்பதில்லை. பொருளுக்குள் பொருள், பட்டியலுக்குள் பட்டியல் என்று கிளைவிடும் மரத்தில், எந்தக் கிளையில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது.

அதற்குத் தெரிந்த செயல்கள் ஆறு. சேர்ப்பது, நீக்குவது, மாற்றிவைப்பது, இடம்பெயர்ப்பது, நகலெடுப்பது, சோதிப்பது. நகலெடுக்கும் செயலின் பெயர் ‘காப்பி’. தமிழில் அந்தச் சொல்லுக்குத் தேர்வறையின் வாடையும் அடுக்களையின் வாடையும் இருப்பதால் இங்கே நகல் என்றே வைத்துக்கொள்ளலாம். வரையறையில் நகலுக்குக் கிடைத்த இடம் சில வரிகள்தான்: எங்கிருந்து, எங்கே என்று இரண்டு பாதைகள், முதல் பாதையில் ஏதாவது இருந்தே ஆக வேண்டும், அங்கிருக்கும் மதிப்பை எடுத்து இரண்டாம் பாதையில் சேர்ப்பதற்குச் சமமானது இந்தச் செயல். அவ்வளவே. ஆவணத்தின் பின்னிணைப்பில் 16 எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. சேர்ப்பதற்கு உண்டு, நீக்குவதற்கு உண்டு, இடம்பெயர்ப்பதற்கு இரண்டு உண்டு, எண்ணும் எழுத்துச்சரமும் ஒன்றா என்று ஒப்பிடுவதற்குக்கூட உண்டு. நகலுக்கு ஒன்றுமில்லை. எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. பார்த்தால் எடுத்துக்காட்டுத் தேவைப்படாத செயல்போலத்தான் இருக்கிறது.

எனவே நிரலாளரும் ஒரே வரியில் எழுதுகிறார்: முதல் பாதையில் இருப்பதை எடு, இரண்டாம் பாதையில் வை. ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான், ரூபி என்று எந்த மொழியானாலும் சரி. எண்ணோ எழுத்துச்சரமோ ஆனால் தொல்லையில்லை. எடுத்தது ஒரு பொருளாகவோ பட்டியலாகவோ இருந்தால், இந்த மொழிகள் எடுத்துக் கொடுப்பது பொருளை அல்ல, பொருள் நினைவகத்தில் இருக்கும் இடத்தின் விலாசத்தை. இரண்டாம் பாதையில் போய் உட்கார்வது சாட்சாத் ௸.

இதில் சங்கடம், தவறு உடனே கண்ணில் படாது என்பதுதான். நகலெடுத்து முடித்து ஆவணத்தை அச்சிட்டுப் பார்த்தால் இரண்டு இடத்திலும் முகவரி அச்சரம் பிசகாமல் இருக்கும். சோதனைகள் எல்லாம் பச்சை விளக்குக் காட்டும். குட்டு வெளிப்பட வேண்டுமென்றால், நகலெடுத்த அதே ஒட்டில் அடுத்த செயல் அந்த நகலைத் தொட வேண்டும். நிரந்தர முகவரியைத் தற்போதைய முகவரிக்கு நகலெடு; பிறகு தற்போதைய முகவரியில் ஊர்ப்பெயரை மட்டும் சேலம் என்று மாற்று. இது இயல்பான ஒட்டுதான். நகல் என்ற செயல் பயன்படுவதே பெரும்பாலும் இப்படிக் கொஞ்சம் மாற்றிக்கொள்வதற்காகத்தான். ஆனால் மேற்படி வைத்த நிரலில் பரம்பரை பரம்பரையாகத் திருநெல்வேலிக்காரராக இருந்தவர் ஒரே நொடியில் நிரந்தரமாகவும் சேலத்துக்காரர் ஆகிவிடுவார்.

இதற்கு ஒரு தங்கையும் உண்டு, அவ்வளவாகப் பேசப்படாதவள். சேர்க்கும் செயலில் சேர்க்க வேண்டிய பொருள் ஒட்டுக்குள்ளேயே வருகிறது. அதையும் நகலெடுக்காமல் அப்படியே தூக்கி ஆவணத்தில் வைத்தால், அடுத்த செயல் ஆவணத்தைத் திருத்தும்போது ஒட்டே திருத்தப்பட்டுவிடும். அதே ஒட்டை இன்னோர் ஆவணத்துக்குப் போட்டால் விடை வேறாக வரும். தையற்காரர் ஒரு சட்டைக்கு ஒட்டுப்போட, அவர் கையிலிருக்கும் துணிக்கட்டு நிறம் மாறியதுபோல.

எல்லாவற்றிலும் வேடிக்கையான இடம், ஒரு பொருளை அதன் வயிற்றுக்குள்ளேயே நகலெடுப்பது. ‘அ’ என்ற சாவியில், அதாவது அந்தப் பெயரில், உள்ள பொருளை அதற்குள்ளேயே ‘ஆ’ என்ற புதிய சாவியில் நகலெடு என்று கட்டளை வருகிறது. இடம்பெயர்க்கும் செயலுக்கு வரையறை இதைத் தெளிவாகத் தடுத்திருக்கிறது. தன் பிள்ளைக்குள் எந்த இடமும் குடிபோக முடியாது. நியாயம்தான், வீட்டையே தூக்கி அதே வீட்டின் பரணில் வைக்க யாராலும் முடியாது. நகலுக்கு அந்தத் தடை இல்லை. வரையறையாளர்கள் மறந்துவிட்டார்கள் என்று தோன்றும். மறக்கவில்லை. நகலெடுக்கும் நொடியில் ‘அ’ எப்படி இருந்ததோ அந்த மதிப்பைத் தனியாக எடுத்துவைத்துக்கொண்டு பிறகு உள்ளே வைத்தால், வீட்டின் பரணில் வீட்டின் புகைப்படம் ஒன்று இருப்பது போன்றதுதான். புகைப்படத்துக்குள் பரண் இருக்கும், ஆனால் அந்தப் பரணில் புகைப்படம் இருக்காது, எடுத்தபோது அது அங்கே இல்லையே. ஒரு மட்டத்தோடு நின்றுவிடும்.

மேற்படி வைத்தவரின் நிரலில் இது நிற்காது. ‘அ’வுக்குள் ‘ஆ’ இருக்கிறது, ‘ஆ’ என்பதே ‘அ’, அதற்குள் ‘ஆ’. ஆவணத்தை வெளியே எழுதும்போது பைத்தான் வட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லி நிறுத்தும். ஜாவாஸ்கிரிப்டும் பிழை எறியும். கோப்புகளின் உலகில் இந்தக் கேள்வி பழையது. யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் ஓர் அடைவை அதற்குள்ளேயே நகலெடுக்கச் சொன்னால் குனு கட்டளை ‘தனக்குள் தன்னை நகலெடுக்க முடியாது’ என்று மறுத்துவிடும். நடந்துகொண்டே எழுதும் கட்டளை அது. எழுதியதையே மறுபடி வாசிக்க நேரும் என்ற அச்சம் அதற்கு உண்டு. ஜேசன் பேட்ச் முதலில் மதிப்பை எடுத்துக்கொள்கிறது, பிறகுதான் வைக்கிறது. ஆகவே மறுக்க வேண்டியதில்லை.

சரி, உண்மையான நகல் எடுப்பது எப்படி? கிளை கிளையாக இறங்கி ஒவ்வொரு பொருளையும் புதிதாகக் கட்ட வேண்டும். ‘ஆழ்நகல்’ என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு நிரலாளர் நடுவில் தலைமுறை தலைமுறையாக ஒரு குறுக்குவழி உண்டு: பொருளை எழுத்துச்சரமாக மாற்றி, உடனே அந்தச் சரத்தை மறுபடி பொருளாக வாசித்துக்கொள்வது. தேதிகள் வெறும் சரமாகிவிடும், வரையறுக்கப்படாத மதிப்புகள் காணாமல்போகும் என்று அதைத் திட்டாத பாடநூல் குறைவு. 2022 வாக்கில் பெரிய உலாவிகள் எல்லாவற்றிலும் ஆழ்நகலுக்கென்றே ஒரு செயற்கூறு வந்த பிறகு, பழைய வித்தையைக் கண்டாலே முகம் சுளிப்பவர்கள் கூடிவிட்டார்கள். ஆனால் இந்த இடத்தில் அந்த வசவு பொருந்தாது. ஜேசனிலிருந்து பிறந்த ஆவணத்தில் தேதி என்ற வகையே கிடையாது. தொலைய எதுவும் இல்லாதபோது தொலையும் என்று பயப்படுவது வீண். மெதுவானது என்ற ஒரு குற்றம்தான் மிஞ்சும்.

அதைவிடச் சுவையான வேறுபாடு ஒன்று இருக்கிறது. பைத்தானின் ஆழ்நகல் செயற்கூறு, தான் ஏற்கெனவே நகலெடுத்த பொருள்களுக்கு ஒரு நினைவுக்குறிப்பு வைத்துக்கொள்கிறது. வட்டத்தில் சிக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு. ஒரே பொருள் இரண்டு இடத்தில் வந்தால் நகலிலும் அது ஒரே பொருளாகவே இரண்டு இடத்தில் வரும். உலாவிகளின் புதிய செயற்கூறும் அப்படியே. அதாவது அசலுக்குள் முன்பே ஒரு ௸ ஒளிந்திருந்தால், இந்த விசுவாசமான நகல்காரர்கள் அதையும் ௸ ஆகவே பெயர்த்தெழுதுவார்கள். எழுத்துச்சரமாக்கி வாசிக்கும் பாமர வழியோ, மேற்படி என்று கண்ட இடத்திலெல்லாம் முழு முகவரியை விரித்து எழுதிவிடும். ஜேசன் மரத்தில் மேற்படிக்கு இடமே இல்லை என்பதால், இங்கே பாமரனே வரையறைக்கு நெருக்கமானவன்.

இன்னொரு கண்ணி, இல்லாமை பற்றியது. முதல் பாதையில் ஏதாவது இருக்க வேண்டும் என்கிறது வரையறை. ‘நல்’ என்ற வெற்று மதிப்பு அங்கே இருந்தால், அது இருப்பதா இல்லாததா? இருப்பதுதான். படிவத்தில் ‘தொலைபேசி: இல்லை’ என்று எழுதியிருப்பதும், அந்தக் கட்டத்தையே படிவத்தில் அச்சிடாமல் விட்டிருப்பதும் வேறு வேறு. சில மொழிகளில் சாவி இல்லாவிட்டாலும் வெற்று மதிப்புத்தான் திரும்பக் கிடைக்கும். அதை நம்பி எழுதியவரின் நிரல், நகலெடுக்க வேண்டிய வெற்று மதிப்பைக் கண்டு ‘அப்படி ஓர் இடமே இல்லை’ என்று பிழை சொல்லும். அல்லது இல்லாத இடத்திலிருந்து வெற்றை நகலெடுத்துக் கொண்டுவந்து வைக்கும். இரண்டாவது மோசம். பிழை என்று யாருக்கும் தெரியவே தெரியாது.

மேற்படியை ஒழித்து உண்மையான நகலுக்கு வந்த நிரலாளர் நிம்மதியாகத் தூங்கப் போகலாம் என்றால், அடுத்த தொல்லை அந்த உண்மையிலேயே இருக்கிறது. மேற்படிக்கு எடை கிடையாது. நகலுக்கு உண்டு.

ஆறு செயல்களையும் இந்தக் கண்ணோடு மறுபடி பார்த்தால் நகல் தனித்து நிற்பது தெரியும். நீக்குவது ஆவணத்தைச் சிறிதாக்கும். இடம்பெயர்ப்பது அப்படியே வைத்திருக்கும். சேர்ப்பதும் மாற்றிவைப்பதும் பெரிதாக்கலாம். ஆனால் சேரும் சரக்கு ஒட்டுக்குள்ளேயே வருவதால், வாசலில் கோரிக்கையை எடைபோட்டாலே உள்ளே எவ்வளவு பெருகும் என்று தெரிந்துவிடும். நகல் மட்டும் கைவீசிக்கொண்டு வருகிறது, சரக்கை உள்ளே இருப்பதிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. பாதைகளின் இலக்கணத்தில் வெற்றுச்சரம் என்றால் ஆவணம் முழுவதும் என்று பொருள். முழு ஆவணத்தையும் அதற்குள்ளேயே ‘1’ என்ற சாவியில் நகலெடு, ஆவணம் இரட்டிப்பாகிவிட்டது. இப்போது முழுவதையும் ‘2’ என்ற சாவியில், நான்கு மடங்கு. இப்படி ஒரு செயலை எழுத ஏறத்தாழ 35 பைட் போதும். 20 செயல்கள் கொண்ட ஒட்டு ஒரு கிலோபைட்டை எட்டாது. ஆவணமோ 10,48,576 மடங்காகியிருக்கும். 100 பைட்டில் தொடங்கியது 100 மெகாபைட்டைத் தாண்டிவிடும். இன்னும் 10 செயல் சேர்த்தால் 100 கிகாபைட்.

எக்ஸ்.எம்.எல். காலத்திலேயே இதற்கு ஒரு மூதாதை இருந்தது. ஒரு சுருக்கப்பெயர் பத்துச் சுருக்கப்பெயர்களாக விரியும், அவற்றில் ஒவ்வொன்றும் இன்னும் பத்தாக விரியும் என்று அடுக்கி, சின்ன ஆவணம் ஒன்றை நூறு கோடிச் சிரிப்புச் சொற்களாக வெடிக்கவைக்கும் தாக்குதல் அது. நூறு கோடிச் சிரிப்பு என்பதே அதன் பெயர்.

ஜேசன் பேட்ச்சில் இது ஏட்டுச்சுரைக்காயாக நிற்கவில்லை. ஆயிரக்கணக்கான கணினிகளில் நிரல்களை ஓட்டி மேய்க்கும் குபெர்னெட்டிஸ் அமைப்பு, தன் மையச் சேவகனுக்கு வரும் திருத்தங்களை ஜேசன் பேட்ச் வழியாகவும் ஏற்றுக்கொள்கிறது. ஒட்டுப்போடும் உரிமை மட்டும் உள்ள ஒருவர், திட்டமிட்டு எழுதிய ஒட்டின் மூலம் அந்த மையச் சேவகனின் வளங்களை உறிஞ்சி முடக்கிவிட முடியும் என்ற பலவீனம் 2019இல் அறிவிக்கப்பட்டது. சி.வி.இ. பட்டியலில் அதன் எண் 2019-1002100. 1.11.8, 1.12.6, 1.13.4 ஆகிய பதிப்புகளில் அடைப்பு வந்தது. அடைத்த விதம் கவனிக்கத் தக்கது. நகலைத் தடைசெய்யவில்லை. அந்த அமைப்பு பயன்படுத்தும், கோ மொழியில் எழுதப்பட்ட நூலகம், ஒட்டு ஓடும்போது ஒவ்வொரு நகலின் எடையையும் பைட் கணக்கில் கூட்டிக்கொண்டே வருகிறது. கூட்டுத்தொகை வரம்பைத் தாண்டினால் ஒட்டு முழுவதும் நிராகரிக்கப்படும். குபெர்னெட்டிஸ் வைத்த வரம்பு 3 மெகாபைட். அதன் சேமிப்புக் கிடங்கு ஒரு கோரிக்கைக்கு ஏற்கும் 1.5 மெகாபைட்டைப் போல் இரண்டு மடங்கு. ஓர் ஒட்டில் 10,000 செயல்களுக்கு மேல் கூடாது என்றும் ஒரு கட்டுப்பாடு உண்டு. மேலே கண்ட கணக்கைப் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டாவது கட்டுப்பாட்டால் மட்டும் ஒன்றும் ஆகாது என்பது தெரியும். தாக்க வருபவருக்கு 20 போதும்.

மாற்றவே முடியாத பொருள்களை வைத்து எழுதும் மொழிகளில் இந்தச் சங்கடம் இல்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. யாரும் திருத்த முடியாது என்றால் மேற்படி எழுதினால் என்ன, முழுதாக எழுதினால் என்ன? பாதி உண்மை. திருநெல்வேலி சேலமாக மாறும் விபத்து அங்கே நடக்காது. இரட்டிப்பாகும் ஆவணமும் நினைவகத்தில் மெலிந்தே இருக்கும். ஆனால் ஆவணத்தை எப்போதாவது வெளியே எழுதித்தான் ஆக வேண்டும். அப்போது ஒவ்வொரு மேற்படியும் முழு முகவரியாக விரியும். கடன் தீரவில்லை, தவணை தள்ளிப்போகிறது.

இவ்வளவு வில்லங்கம் பிடித்த செயல் தேவைதானா என்று கேட்கலாம். 2008இல் வந்த எக்ஸ்.எம்.எல். ஒட்டுமுறை சேர்ப்பது, மாற்றுவது, நீக்குவது என்ற மூன்றோடு குடும்பம் நடத்தியது. 2014இல் வந்த ஜேசன் மெர்ஜ் பேட்ச்சிலும் நகல் இல்லை. ஆவணத்தின் வடிவிலேயே ஒரு சிறு ஆவணத்தை அனுப்பினால் போதும் என்ற எளிய முறை அது. நகலெடுக்க வேண்டியதைக் கோரிக்கையாளரே முதலில் வாசித்து, பிறகு சேர்க்கும் செயலாக அனுப்பிவிடலாம். ஆனால் அவர் வாசித்ததற்கும் அனுப்பியதற்கும் நடுவில் இன்னொருவர் அந்த இடத்தைத் திருத்தியிருந்தால், சேர்வது பழைய சங்கதி. ஒட்டு இறங்கும் நொடியில் அங்கே என்ன இருக்கிறதோ அதை எடு என்று சொல்ல நகலால்தான் முடியும். அதனால் அதன் இடம் நியாயமானதே.

இடையில் ஏதாவது ஒரு செயல் தோற்றால் ஒட்டு முழுவதும் நடக்காததுபோல ஆகிவிட வேண்டும் என்பது இணையத்தில் பேட்ச் என்ற வகைக் கோரிக்கைகள் எல்லாவற்றுக்கும், ஜேசன் பேட்ச்சுக்கு முன்பே, 2010இலிருந்து உள்ள பொது விதி. இதை நிறைவேற்றும் சுலபமான வழி, ஒட்டைத் தொடங்குவதற்கு முன்பே ஆவணத்தை முழுதாக ஆழ்நகல் எடுத்துக்கொண்டு, அதன்மேல் வேலையைப் பார்ப்பது. நகல் செயலை எழுதுகிறவர் தன் முதல் நகலை, யாரும் கேட்காமலே, இங்கே எடுத்துவிடுகிறார்.

பாதைகள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சாவிக்குள் சாய்கோடு இருந்தால் ~1 என்றும், அலைக்கோடு இருந்தால் ~0 என்றும் எழுத வேண்டும்; முதலில் ~1ஐ அவிழ்த்து, பிறகு ~0ஐ அவிழ்க்க வேண்டும், வரிசை மாறினால் பாதை மாறும். பட்டியலின் கடைசிக்கு அடுத்த இடத்தை ஒற்றைக் கோடு குறிக்கும். அங்கே வைக்கலாம், அங்கிருந்து எடுக்க முடியாது, அங்கே எதுவும் இல்லை. இவையெல்லாம் எந்த மொழிக்காரருக்கும் பொது.

தமிழில் சாவி எழுதுபவருக்கென்று தனியாக ஒன்று காத்திருக்கிறது. ‘தொகை’ என்று ஒரு சாவி. ஒருங்குறியில் இதை நான்கு குறிகளில் எழுதலாம்: த, ஒகரத்தின் உயிர்க்குறி, க, ஐகாரத்தின் உயிர்க்குறி. ஒகரத்தின் குறியை முன்னே வரும் ஒற்றைக்கொம்பு, பின்னே வரும் கால் என்று இரண்டாகப் பிரித்து ஐந்து குறிகளிலும் எழுதலாம். இரண்டும் ஈடானவை என்றே ஒருங்குறி சொல்கிறது, திரையிலும் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆர்.எஃப்.சி. 6901 இந்த ஈடுபார்ப்பைச் செய்யவே கூடாது என்கிறது. சாவியும் பாதையும் குறிக்குக் குறி ஒத்துப்போக வேண்டும், இயல்பாக்கம் கிடையாது. ஆவணத்தில் நான்கு குறித் தொகையும், ஒட்டின் பாதையில் ஐந்து குறித் தொகையும் இருந்தால் நகல் செயல் தோற்கும். இதே வேறுபாடு சேருமிடத்தில் வந்தால் தோற்கவும் செய்யாது. பழைய தொகை அப்படியே இருக்க, பக்கத்திலேயே புதிதாக ஒரு தொகை முளைக்கும். ஆவணத்தைத் திறந்து பார்ப்பவருக்கு ஒரே பெயரில் இரண்டு சாவிகள், இரண்டு வெவ்வேறு எண்கள். நிரலாளர் இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறார். ஒன்றின்மேல் சுட்டியை வைத்து எழுத்தெழுத்தாக அழிக்கத் தொடங்குகிறார். ‘தொ’வில் கால் மட்டும் மறைந்து ‘தெ’ என்று நிற்கிறது.